புயலுக்கு ஜெனரேட்டர் வாங்குவதா, வேறு வழி பார்ப்பதா? முதலில் வாசலை அளந்து பாருங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் டெல்டா பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு எழும்: "இந்த வருஷமாவது ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுடலாமா?" 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. டவுன்களுக்குச் சில நாட்களில் கரண்ட் வந்தது. உள்கிராமங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தன. அதற்கு முன் 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரையும், 2016 டிசம்பரில் வர்தா சென்னையையும் இப்படித்தான் இருட்டில் தள்ளின. ஆகவே கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் கடைக்குப் போனால் "எத்தனை கேவிஏ வேணும்?" என்று மெஷினின் திறனைக் கேட்டுத்தான் பேச்சு ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் வீட்டிலேயே முடிவாக வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓடுகிற ஜெனரேட்டரை எங்கே வைக்கப் போகிறீர்கள்? உங்கள் வீட்டுச் சுவரிலிருந்தும் அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி, நாலு பக்கமும் காற்றோட்டமான இடம் இருக்கிறதா? இருந்தால் மேலே பேசலாம். இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பெட்ரோல் ஜெனரேட்டர் உங்களுக்கு ஒத்துவராது. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு, அபார்ட்மென்ட், பால்கனி மட்டுமே உள்ள வாடகை வீடு என்றால் இன்வர்ட்டர் பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

20 அடி எதற்கு

பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். புயல் நேரத்தில் இதையெல்லாம் "சரியாத் தூங்கல, சாப்பாடு ஒத்துக்கல" என்று நினைத்துப் படுத்துவிடுவோம். படுத்தவர் எழுந்திருக்கமாட்டார்.

சின்ன மெஷின்தானே என்று நினைக்க வேண்டாம். கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கருவி இருக்கிறது. கையால் தூக்கும் ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது. ஒரே ஒரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் விடும் அளவுக்கு இந்த வாயுவை வெளியேற்றும் என்று அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. 20 அடிக் கணக்கும் அவர்கள் சொல்வதுதான். சூறாவளிக்குச் சூறாவளி ஜெனரேட்டர் புகைக்கு ஆட்களைப் பறிகொடுத்த நாடு அது. நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். வண்டியின் ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது.

கதவைத் திறந்து வைத்தால் போதாதா, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. போர்ட்டிகோ, கார் ஷெட், மாடிப்படிக்கு அடியில், திண்ணை, கொல்லைப்புறத் தாழ்வாரம், எதுவும் வேண்டாம். முன்பக்கம் திறந்த ஷெட்டாக இருந்தாலும் காற்று திரும்பினால் புகை ஜன்னல் வழியாக உள்ளேதான் வரும். மொட்டை மாடியும் யோசிக்க வேண்டிய இடம். மாடிப்படிக் கதவு வழியாகப் புகை கீழே இறங்கும், பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு இருட்டில் படியேறவும் வேண்டியிருக்கும்.

இன்வர்ட்டர்: பெரும்பாலோருக்கு இதுவே போதும்

900 விஏ இன்வர்ட்டரும் 150 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்) டியூபுலர் பேட்டரியும் சேர்ந்து ஏறக்குறைய 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் முடியும். புகை இல்லை, சத்தம் இல்லை, இருட்டில் எழுந்து கயிறு இழுக்க வேண்டியதில்லை. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் அதை மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

குறை என்னவென்றால் அதற்குள் இருக்கும் மின்சாரம் ஒரு அளவோடு தீர்ந்துவிடும். 12 வோல்ட், 150 ஏஹெச் என்றால் 1,800 வாட் ஹவர். இன்வர்ட்டரின் இழப்பெல்லாம் போக 1,200 கைக்கு வந்தால் நல்லது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். மூன்று ஃபேன், நாலு எல்இடி பல்பு போட்டால் நாலு மணி நேரம், கொஞ்சம் கூடவும் வரலாம். அதே மூன்று ஃபேனையும் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் ஒவ்வொன்றும் 30 வாட் சொச்சம்தான் எடுக்கும், நேரம் இரண்டு மடங்காகும். பேட்டரியைப் பெரிதாக்கக் காசு போடுவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள். கரண்ட் இருக்கும் நாளிலும் பில் குறையும்.

ஃபேனை மாற்றிவிட்டால் எட்டு மணி நேர கரண்ட் கட்டுக்கு இது தாராளம். கஜா மாதிரி ஒன்று வந்தால் முதல் ராத்திரியோடு பேட்டரி படுத்துவிடும், திரும்ப ஏற்ற வழி இருக்காது. மோட்டாரும் இதில் ஓடாது. நிஜமான பிரச்சினை தண்ணீர்தான். இருட்டில் இருந்துவிடலாம், டேங்க் காலியானால் இருக்க முடியாது.

சோலாரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் பலர் கூரையில் பலகை போட்டுவிட்டார்கள். ஆனால் பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சோலார், ஈ.பி. லைன் போனவுடன் தானும் நின்றுவிடும். பழுதல்ல, லைனில் வேலை பார்ப்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல வெயிலிலும் வீடு இருட்டாக இருக்கும். பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் என்றால் கதை வேறு, செலவும் வேறு. புயலை மனதில் வைத்து சோலார் போடுபவர்கள் இந்த ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பெட்ரோல் ஜெனரேட்டர்: இரண்டு சாதி

இடம் இருக்கிறது, தண்ணீர் வேண்டும், அல்லது வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரில் இருப்பவர் ஒருவர் இருக்கிறார். அப்போது ஜெனரேட்டர் தேவைதான். நிமிஷத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சென்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். மேலே சொன்ன இன்வர்ட்டர் அதை மூன்று நாலு மணி நேரம்தான் தாங்கும்.

கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் இன்ஜினும் டேங்கும் வெளியே தெரிய நிற்கும் திறந்த வகை. விலை குறைவு, சத்தம் அதிகம், சுமை கூடிக் குறையும்போது கரண்ட் கொஞ்சம் ஆடும். மோட்டாருக்கும் பல்புக்கும் பரவாயில்லை. மற்றது பெட்டி போல் மூடிய இன்வர்ட்டர் ஜெனரேட்டர், பேச்சுவழக்கில் "சைலண்ட்". சுமைக்கு ஏற்ப இன்ஜின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பெட்ரோல் மிச்சம், கரண்டும் சுத்தம். நல்ல கம்பெனியின் 3 கேவிஏ அளவு மெஷின் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

சைலண்ட் வகையில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. சத்தம் குறைவாக இருப்பதாலேயே அதை வீட்டுக்குப் பக்கத்தில் இழுத்துவரத் தோன்றும். சத்தம்தான் குறைந்திருக்கிறது, கார்பன் மோனாக்சைடு அப்படியே வருகிறது. 20 அடி இதற்கும் உண்டு. வாயு சேர்ந்தால் தானே நின்றுபோகும் சென்சார் உள்ள மாடல்கள் வெளிநாடுகளில் பரவலாக வந்துவிட்டன. இங்கே வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் தூரத்தைக் குறைக்காதீர்கள்.

அளவு விஷயத்தில் ஏமாறுவது மோட்டாரிடம்தான். 1 எச்.பி. என்பது 746 வாட். அதைப் பார்த்து 1 கேவிஏ மெஷின் போதும் என்று நினைப்பார்கள். மோட்டார் கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் அப்படியே முனகி அமுங்கிவிடும். சிங்கிள் ஃபேஸ் 1 எச்.பி. சப்மெர்சிபிளுக்கு 3 கேவிஏவாவது வேண்டும். வாங்குவதற்கு முன் மோட்டார் பேனலில் உள்ள கெப்பாசிட்டரையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். வயல் போரில் உள்ள மூன்று ஃபேஸ் மோட்டாரை இந்த மெஷின்களில் ஓட்டும் ஆசை வேண்டாம்.

வாடகைக்கு எடுப்பது

கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் நடந்தது இதுதான். டாட்டா ஏஸிலோ டிராக்டரிலோ டீசல் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள், ஒரு டேங்க் நிரப்ப இவ்வளவு என்று காசு. முதல் நாட்களில் கேட்ட விலைதான். ஆனாலும் பத்து வீடுகள் சேர்ந்து முன்கூட்டியே ஒருவரிடம் பேசி வைத்தால், வீட்டுக்கு வீடு மெஷின் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். மெஷின் தெருவில் நிற்கும், ஓட்டத் தெரிந்தவர் கூடவே நிற்பார், வேலை முடிந்ததும் போய்விடும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் புயலுக்காக ஒரு லட்சம் ரூபாயைக் கொட்டகையில் துருப்பிடிக்க விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அபார்ட்மென்ட் சங்கங்கள் தங்கள் பொது ஜெனரேட்டர் தரைமட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்க்க வேண்டும். 2015 சென்னை வெள்ளத்தில் தேவைப்பட்ட நேரத்தில் தண்ணீருக்குள் நின்ற ஜெனரேட்டர்கள் ஏராளம்.

என்னைக் கேட்டால்

இடம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதுதான்: இன்வர்ட்டர் அன்றாடத்துக்கு, ஜெனரேட்டர் பகலில் மூன்று மணி நேரத்துக்கு. காலை வெளிச்சத்தில் மெஷினை வெளியே வைத்து ஓட்டுங்கள். முதலில் மோட்டார், டேங்க் நிரம்பட்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜும் இன்வர்ட்டர் சார்ஜும். கதவைச் சும்மா சும்மா திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் அதற்குப் பிறகு ஒரு நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் சாயங்காலம் இன்னொரு தடவை ஓட்ட வேண்டியிருக்கும்.

சார்ஜ் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். வீட்டு இன்வர்ட்டர் பேட்டரிக்கு 15 ஆம்பியர் அளவில் ஏற்றும். மூன்று மணி நேரத்தில் 45 ஏஹெச், அதாவது 150இல் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இழப்புகள் போக 400 வாட் ஹவர் கையில் நிற்கும். இரண்டு பிஎல்டிசி ஃபேனும் இரண்டு பல்பும் சேர்ந்து 80 வாட். ராத்திரி ஐந்து மணி நேரம் பிள்ளைகள் கொசுக்கடி இல்லாமல் தூங்கிவிடலாம். ஜெனரேட்டர் அப்போது அணைந்து குளிர்ந்து கிடக்கும். ஆள் தூங்கும்போது மெஷின் ஓடக் கூடாது என்ற விதி இந்த ஏற்பாட்டில் தானாகவே காப்பாற்றப்படுகிறது. இதற்காகவே இதை நான் தேர்ந்தெடுக்கிறேன்.

இதில் ஒரு சின்ன சிக்கல் வரும். திறந்த வகை ஜெனரேட்டரின் கரண்டை இன்வர்ட்டர் ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்வர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள், பல மாடல்களில் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலுக்கு மாற்றினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

பெட்ரோல் கணக்கிலும் இது மிச்சம். இந்த அளவு மெஷின் நடுத்தரச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். ஒரு லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஒரு யூனிட் மின்சாரம் ஏறக்குறைய 50 ரூபாய்க்கு நிற்கிறது. நாள் முழுக்க ஓட்டக் கட்டுப்படியாகாது. புயல் முடிந்த கையோடு பெட்ரோல் பங்கில் கரண்ட் இருக்குமா, ஸ்டாக் இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. நாளுக்கு 3 லிட்டர் என்றால் சமாளித்துவிடலாம்.

வீட்டோடு இணைப்பதில் மூன்று வழி, அதில் ஒன்று கொலை

முதல் வழி எக்ஸ்டென்ஷன் வயர். மெஷினிலிருந்து வயர் இழுத்து, ஃபிரிட்ஜையோ இன்வர்ட்டரின் பிளக்கையோ நேராக அதில் செருகுவது. எளிது, பாதுகாப்பானது, வயர் சரியாக இருந்தால். 20 அடி தள்ளி வைத்தால் வீட்டுக்குள் போய்ச் சேர 25, 30 மீட்டர் வயர் ஆகிவிடும். 1 ஸ்கொயர் எம்எம் வயரில் 10 ஆம்பியர் இழுத்தால் அந்தத் தூரத்தில் 13 வோல்ட் வரை வழியிலேயே தொலையும், வயர் சூடாகும். 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் காப்பர் என்றால் இழப்பு 5, 6 வோல்ட்தான். சுருளாகவே வைத்துப் பயன்படுத்தாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். கதவிடுக்கில் நசுங்கக் கூடாது, இணைப்பு தண்ணீரில் கிடக்கக் கூடாது.

இரண்டாவது வழி சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். மோட்டார் ஓட்ட வேண்டுமென்றால் இதுதான் முறை. 32 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்ச் ஒன்றை மெயினுக்கு அடுத்து லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். லீவரை ஒரு பக்கம் தள்ளினால் ஈ.பி., நடுவில் ஆஃப், மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் இணைய வழியே இல்லாதபடி உள்ளே அமைப்பு இருக்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் பிரிய வேண்டும் என்பதால்தான் டபுள் போல். எர்த், நியூட்ரல் இணைப்பை மெஷினின் கையேட்டின்படி அவரையே செய்யச் சொல்லுங்கள். சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் பாடியோடு இணைக்கப்படாமல் இருந்தால், ஷாக் அடிக்கும்போது கரண்டைத் துண்டித்துக் கைகொடுக்க வேண்டிய ஆர்சிசிபி ஸ்விட்ச் எதிர்பார்த்தபடி ட்ரிப் ஆகாது.

மூன்றாவது, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவர் சாக்கெட்டில். வீடு முழுக்க லைட் எரியும், செலவு இருநூறு ரூபாய். "மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடுறோம்" என்பார்கள். ஒரே ஒரு நாள் மறந்தால் போதும். உங்கள் 230 வோல்ட் தெருக் கம்பி வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். 11,000 வோல்ட்டை 433 ஆக்கித் தருகிற அதே டிரான்ஸ்ஃபார்மர், தலைகீழாக ஊட்டினால் 230ஐ ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்கி ஹெச்டி (உயர் அழுத்த) லைனில் ஏற்றிவிடும். அங்கே லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கிறார் ஒரு லைன்மேன். புயலுக்குப் பிறகு பல மாவட்டங்களிலிருந்து வந்து, பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து, நமக்காகக் கம்பம் நடுகிறவர்கள் அவர்கள். வயரைக் கழற்றும்போது உங்கள் கையிலேயே உயிருள்ள இரண்டு பின்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பது வேறு. இப்படி ஒரு வயர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள். பக்கத்து வீட்டில் பார்த்தாலும் போய்ச் சொல்லுங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால்

மழையில் நனையக் கூடாது, மூடியும் வைக்கக் கூடாது. நம் ஊர்ப் புயலுக்கு இதுதான் பெரிய இடைஞ்சல். நாலு இரும்புக் கால், மேலே தகரம், பக்கவாட்டில் ஒன்றுமே இல்லை, மெஷினைச் சுற்றி மூன்றடி இடைவெளி, கீழே ஓரடி உயர மேடை. கீற்றுக் கொட்டகை கூடவே கூடாது, சைலன்சர் சூட்டுக்குப் பற்றிக்கொள்ளும். காற்று வீசிக்கொண்டிருக்கும்போது தகரமும் தாங்காது. புயல் அடங்கும்வரை மெஷினை ஓட்டாமல் உள்ளே வையுங்கள், அந்தச் சில மணி நேரத்துக்குத்தான் இன்வர்ட்டர். சைலன்சர் எந்த ஜன்னலையும் பார்க்கக் கூடாது, உங்களுடையதையும் அடுத்தவருடையதையும்.

பெட்ரோல் ஊற்றும்போது மெஷின் நின்று 15 நிமிஷமாவது ஆறியிருக்க வேண்டும். ஓடும்போதே ஊற்றினால் சிந்தும் பெட்ரோல் சூடான சைலன்சரில் விழும். சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை லைசன்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள 1934ஆம் வருஷப் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது. அதற்காக அவ்வளவும் வீட்டுக்குள் வைக்கச் சொல்லவில்லை. 10 லிட்டர் உலோக கேனில், சமையலறைக்கும் பூஜை விளக்குக்கும் எட்டாத வெளிக்கொட்டகையில் போதும்.

படுக்கையறைக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டுங்கள். சில ஆயிரம் ரூபாய்தான், ஆன்லைனில் கிடைக்கிறது. புகை அலாரத்தைக் கொடுத்து ஏமாற்றிவிடப் போகிறார்கள், அது வேறு, இது வேறு. கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறினாலோ, வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தாலோ மெஷினை அணைக்கப் போகாமல் எல்லோரையும் வெளியே கூட்டிவந்துவிடுங்கள். அப்புறம் 108.

மெஷினைப் பொறுத்தவரை முதல் 20 மணி நேரத்தில் ஒரு ஆயில் மாற்று, பிறகு 100 மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை. எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் டேங்கில் மாதக்கணக்கில் விடக் கூடாது. சீசன் முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். மழைக்காலத்தில் மட்டும் மாதம் ஒரு தடவை, புதுப் பெட்ரோல் கொஞ்சம் ஊற்றி, ஒரு டேபிள் ஃபேனையாவது மாட்டி, 10 நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். அந்த 10 நிமிஷமும் வெளியேதான்.